கஸ்தானிய மரத்தடியில் ஒரு குறிப்பேடு



ஜேர்மனியில் கஸ்தானிய மரம் நிற்காத ஊர் அரிது. ஆடி மாதத்திலேயே அதன் இலைகள் பழுத்துச் சுருள்வதைப் பார்க்கிறோம். வெயில் கொடுமை என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். பல இடங்களில் அது வெயிலின் வேலை அல்ல. ஐந்து மில்லிமீற்றர் அளவேயான ஓர் அந்துப்பூச்சியின் புழு, இலையின் இரு தோல்களுக்கும் நடுவே குடியிருந்து பசுமையைத் தின்கிறது. ஊரில் தேசி மரத்து இலையில் வெள்ளிக்கோடு கிழிக்குமே ஒரு புழு, அதன் குடும்பம்தான் இதுவும்.

1980களின் நடுவில் மசிடோனியாவின் ஒஹ்ரிட் ஏரிப்பக்கம் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சிக்கு 1986இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். 1989இல் ஒஸ்திரியா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பவேரியா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பேர்லின், 2002இல் இலண்டன். தானாகப் பறந்ததோடு, வாகனங்களில் தொற்றியும் வந்தது.

இது எங்கிருந்து புறப்பட்டது என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 2011இல் ஆய்வாளர்கள் பழைய உலர்தாவரத் தொகுப்புகளைப் புரட்டினார்கள். கிரேக்கத்தில் 1879இல் பறித்து அழுத்தி வைத்த கஸ்தானிய இலைக்குள் அதே புழு கிடந்தது! உலகம் அறிவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே அது போல்கன் மலைகளில் வாழ்ந்திருக்கிறது. அந்த இலையைப் பறித்தவர் பூச்சியைத் தேடிப் போனவர் அல்லர். இடத்தையும் காலத்தையும் ஒழுங்காக எழுதி வைத்தார். அந்தச் சிறு சீட்டுத்தான் வழக்கைத் தீர்த்தது.

பிரித்தானியாவில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் தம் தெரு மரங்களைப் பார்த்துப் பதிந்தார்கள். பூச்சி வந்து மூன்றே ஆண்டுகளில் சேதம் உச்சத்தைத் தொடுகிறது என்பதை அந்தப் பதிவுகள் காட்டின. பிள்ளைகள் எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். ஆய்வாளர்களும் கேட்டார்கள், சரிபார்த்த பிறகே பயன்படுத்தினார்கள்.

இப்படிப் பொறுமையாகப் பதிந்து வைப்பதற்கு ஜேர்மனியின் சான்று இன்னும் பெரிது. கிரேபெல்ட் நகரில் 1905இல் தொடங்கிய பூச்சியியல் சங்கத்தில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். காப்புப் பகுதிகள் 63இல், 27 ஆண்டுகளாக, ஒரே முறையில் பொறி வைத்துப் பூச்சிகளை நிறுத்தார்கள். பறக்கும் பூச்சிகளின் எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது என்ற செய்தி 2017இல் உலகை உலுக்கியது. அந்தச் செய்தியைத் தந்தது அவர்களின் பொறுமை.

பிள்ளைகளே, நாம் இந்த மண்ணில் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். இதன் மரங்களைக் கவனிப்பதும் நம் உரிமைதான். வைகாசியில் தொடங்குங்கள். தாழ்ந்த கிளைகளை முதலில் பாருங்கள், சேதம் அங்கேதான் தொடங்கும். இலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். பழுப்புத் திட்டுக்குள் புழுவோ அதன் எச்சமோ தெரிந்தால் இந்தப் பூச்சி. திட்டைச் சுற்றி மஞ்சள் விளிம்பு இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. உங்கள் குறிப்பேட்டில் தெருப் பெயர், நாள், ஒரு படம் போதும். பூச்சி இல்லாத மரத்தையும் மறக்காமல் எழுதுங்கள்; அதுவும் சான்று.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கூட்டுப்புழு உதிர்ந்த இலைக்குள்ளேயே பனிக்காலத்தைக் கழிக்கிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் கஸ்தானியச் சருகை வாரி, வீட்டுத் தோட்ட உரக்குழியில் போடாமல் நகராட்சியின் சேகரிப்பில் சேருங்கள்.