கூழ் கேட்டால்தான் கூழ் வரும்

(சங்கத்தின் இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பு நின்று போனவன். இங்கே சுவிஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதற்கு முன்னம் நாலு வருசம் மலைப்பக்கத்தில் ஒரு உல்லாசப் பயண விடுதியின் குசினியில் நின்றனான். அந்தக் குசினியில் படித்ததையும், ஊரில் கண்டதையும் சேர்த்து இளையோருக்குச் சில விசயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

அந்த விடுதிக்கு வாற வெளிநாட்டுக்காரருக்கு, சுவிஸின் பாரம்பரியச் சாப்பாடு என்று ஃபொண்டூ வைப்பார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சீஸ் துருவினது நானும் இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெடியனும்தான். 1980களிலிருந்து எங்கடை ஆக்கள் இந்த நாட்டுக் குசினிகளில் கோப்பை கழுவியும் சமைத்தும்தான் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஃபொண்டூ முந்தி மேற்குப் பக்கத்துச் சாப்பாடு. 1930களில் சுவிஸ் சீஸ் சங்கம் தங்கடை சீஸை விற்பதற்காக விளம்பரம் செய்துதான் அதை நாடு முழுவதற்கும் உரிய சாப்பாடு ஆக்கினது. இங்கே சமையல்காரர் ஆக 3 வருசத் தொழிற்கல்வி படித்துச் சான்றிதழ் எடுக்க வேணும். கேட்டுச் சாப்பிட ஆளும், சமைக்கிற கைக்கு மரியாதையும் இருந்தபடியால்தான் அந்தச் சாப்பாடு நிலைத்தது.

இனி ஊருக்கு வாறேன். 2009இல் வெளிக்கிட்ட நான், 15 வருசம் கழித்து 2024இல் நல்லூர்த் திருவிழா நேரம் போனேன். இங்கே பிறந்த அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். நாங்கள் தங்கின விடுதியின் வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, எல்லாம் பண்பாட்டு முறைப்படிதான் இருந்தது. மெனுவைத் திறந்தால் பிறைட் றைஸ், பிறைட் நூடில்ஸ். பரிமாறின தம்பிக்கு 22 வயது இருக்கும். “கூழ் இல்லையோ?” என்று கேட்டேன். “அண்ணை, வெளிநாட்டிலிருந்து வாற எங்கடை பிள்ளையளே கேட்கிறதில்லை. பிறகு ஏன் காய்ச்சுவினம்? எங்கடை அம்மா நல்லாக் காய்ச்சுவா” என்றான்.

கூழ் என்றால் என்ன? பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, செத்தல் மிளகாய், பழப்புளி. ஒரு பானை கூழ் காய்ச்சினால் பனங்கிழங்கு கிண்டினவர், கடலுக்குப் போனவர், தோட்டம் செய்தவர், மா இடித்த அம்மா, பரிமாறுகிற தம்பி என்று இத்தனை பேருக்கும் அதில் ஒரு பங்கு போகும்.

அடுத்த நாள் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்துக்குப் போனோம். இலங்கையின் மற்ற இடங்களில் ‘ஹெல போஜுன்’ என்ற பெயரில் விவசாயத் திணைக்களம் நடத்துகிற உணவகங்களுக்கு வடக்கில் ‘அம்மாச்சி’ என்று பெயர். பெண்கள் எங்கள் கண்முன்னாலேயே குரக்கன் புட்டு அவிக்கிறார்கள், அப்பம் சுடுகிறார்கள். பல்கலைக்கழகமும் பக்கத்தில்தான், சாப்பிட நின்றவர்களில் கனபேர் இளம் பிள்ளைகள். மருமகள் கேட்டாள்: “மாமா, சாப்பிடுறவை எல்லாம் இளம் ஆக்கள், சமைக்கிறவை எல்லாம் அம்மாமார். இவைக்குப் பிறகு ஆர்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

விடுதியை விட்டு வெளிக்கிடும்போது அந்தத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “அண்ணை, திருவிழா முடிஞ்சால் வேலை குறைஞ்சிடும். வெளிநாடு வர ஏதும் வழி இருக்கோ?” என்று கேட்டான். “வராதை” என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நானே ஓடி வந்தவன். பேசாமல் நின்றேன். அந்த முகம் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

இந்தத் தொழில் நிலையில்லாததுதான். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேல் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடி மேல் அடி. 2024இல்தான் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி அடி விழும்போது முதலில் வீட்டுக்குப் போவது பரிமாறுகிற பெடியளும் அறை துடைக்கிற பெட்டையளும்தான். அதை எங்களால் நிறுத்த ஏலாது. ஆனால் வருசாவருசம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நாங்கள் சிலதைச் செய்யலாம்.

போனால் எங்கடை சாப்பாட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் நாளைக்கு வருவோம் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள். இங்கே ஒரு தட்டுக்கு 30 பிராங் கொடுக்கிற நாங்கள் அங்கே 300 ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். பரிமாறுகிறவரைத் தம்பி, தங்கச்சி என்று கூப்பிட்டு, இந்தச் சாப்பாட்டை ஆரிட்டைப் பழகினீங்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு மரியாதை.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் பிள்ளை சமையல் படிக்கப் போறேன் என்றால் “குசினி வேலைக்கோ உன்னைப் பெத்தனான்?” என்று கேட்காதீர்கள். நாங்கள் இங்கே அந்தத் தொழிலை இழிவாகக் கதைத்தால், அங்கே இருக்கிற பிள்ளையும் அதை விட்டு ஓடத்தான் பார்க்கும்.

அந்தத் தம்பி ஊரில் இருப்பதும் வருவதும் அவன் முடிவு. ஆனால் இருக்க விரும்பினால் இருக்கக்கூடிய ஒரு வேலை அங்கே இருக்க வேணும். அவனுடைய அம்மா காய்ச்சுகிற கூழ் அந்த மெனுவில் ஏறட்டும். அடுத்த முறை போகும்போது அதைக் கேட்கத்தான் போறேன்.