எரிந்துபோன முதல் செட்

(நமது அறக்கட்டளையின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பயிற்சி வகுப்பில், மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்தபோது பயிற்றுநர்கள் சார்பில் பேசியது.)



வகுப்பு வாசலில் நிற்கும் மோரிஸ் மைனரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் மஹல்லாப் பெரியவர் ஒருவருடையது, அவருடைய அத்தா ஓட்டிய வண்டி. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்த மாடல். "ஒரு செட் போட்டுக் கொடுங்க தம்பி. வீட்ல அவங்களுக்குப் பார்வை குறைஞ்சிடுச்சு. கிராஅத், பயான் ஏதாவது கேட்டுக்கிட்டு வரட்டும்" என்று கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு செட்டும் வைத்திருந்தார். விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றியது. யூ.எஸ்.பி. எல்லாம் போடலாம்.

அந்த செட்டை நாங்கள் எரித்துவிட்டோம். அதைத்தான் இன்று பேச வந்தோம்.

நம் பிள்ளைகள் இதுவரை கைவைத்த வண்டி எல்லாவற்றிலும் பேட்டரியின் நெகட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அந்தப் பழக்கத்தில் செட்டின் கறுப்பு ஒயரை பாடியிலும், மஞ்சளையும் சிவப்பையும் கரண்ட் வரும் ஒயரிலும் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற நாங்களும் தலையாட்டினோம். மோரிஸ் மைனரில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பாசிட்டிவ்தான் எர்த். பாடி முழுக்க பாசிட்டிவ், ஒயரில் வருவது நெகட்டிவ். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவும் அப்படித்தான். செட்டுக்குள் கரண்ட் தலைகீழாகப் போனது.

அதுமட்டும் என்றால் செட் பிழைத்திருக்கும். இந்த மாதிரி செட்டுகளில் பெரும்பாலும் உள்ளே ஒரு டயோடு இருக்கும். கரண்ட் மாறி வந்தால் அது ஷார்ட் ஆகி ஃபியூஸைப் போக்கிவிடும். ஃபியூஸ் போனால் செட் தப்பிவிடும். ஆனால் இந்த செட்டில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ முன்பு செம்புக்கம்பி இழையைச் சுற்றி வைத்திருந்தார்கள். அது போகவில்லை, போர்டு கருகியது. வகுப்பு முழுக்கப் புகை. ஐந்து ரூபாய் சாமானை மிச்சம் பிடித்த வேலை அது.

ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "மாமா, செட் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லிடலாமா?" பெரியவருக்குத் தெரியப் போவதில்லைதான். எங்களுக்கும் ஒரு நிமிடம் அது சுலபமாகத் தோன்றியது, மறைக்காமல் சொல்கிறோம். சாயங்காலம் அந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். "நானும் வாங்குனப்ப ஃபியூஸைப் பார்க்கலையே" என்றார். வேறு செட் நாங்கள் வாங்கித் தருவதாகச் சொல்லி வந்தோம்.

அடுத்து காயலான் கடை. பழைய சாமான் வியாபாரத்தில் நம் காயல்பட்டினத்துக்காரர்கள் பேர் வாங்கியதால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே போனால் இரண்டைக் கவனியுங்கள். ரசீது தராத கடையில் செட் வாங்காதீர்கள். போட்டவுடன் ரகசிய எண் கேட்கிற செட் திருட்டுச் சாமானாக இருக்கலாம், நமக்கு வேண்டாம். இன்னொன்று, பிளக்கை ஒட்ட நறுக்காமல் ஒரு சாண் ஒயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது செட்டைத் தொடும் முன் மல்டிமீட்டரை எடுத்தோம். சிவப்பு முனை பாடியின் பளபள இரும்பில், கறுப்பு முனை பேட்டரியின் மற்ற முனையில். 12 வோல்ட் மைனஸ் இல்லாமல் காட்டினால் பாடி பாசிட்டிவ். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், அறுபது வருடத்தில் எத்தனை மெக்கானிக் கைபட்டதோ!

பாசிட்டிவ் எர்த்திலேயே செட்டைப் பாடியில் படாமல் மாட்டுவோரும் உண்டு. நாங்கள் ஒப்பவில்லை. செட்டின் தகரக்கூடும் ஏரியலின் வெளிக்கம்பியும் நெகட்டிவ். என்றாவது ஒரு ஸ்க்ரூ பாடியில் உரசினால் நேரடி ஷார்ட். அதனால் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினோம்.

வேலை கொஞ்சம்தான். பேட்டரியைத் திருப்பி வைத்து ஒயர்களை மாற்றிக் கொடுத்தோம். பேட்டரியின் பாசிட்டிவ் முனை சற்றுப் பருமன் என்பதால் கிளாம்பும் மாற்ற வேண்டியிருந்தது. இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயரையும் இடம் மாற்றினோம். மாற்றாவிட்டாலும் இன்ஜின் ஓடும், ஸ்பார்க் பலம் குறையும். பிறகு டைனமோ. அதன் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரால் 'எஃப்' என்ற சின்ன முனையை இரண்டு மூன்று தரம் தொட்டு எடுத்தோம். சின்னப் பொறி வரும். புதுத் திசை அப்போதுதான் டைனமோவுக்குப் பிடிபடும். இதைச் செய்யாமல் இன்ஜினைக் கிளப்பக் கூடாது.

இனி செட். மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸோடு. செட்டின் முதுகில் ஃபியூஸ் இருக்கிறதே என்று விடக் கூடாது, வழியில் ஒயர் நசுங்கினால் அது காப்பாற்றாது. வண்டியின் சொந்த ஃபியூஸ் 35 ஆம்பியர். அதற்குள் நம் மெல்லிய ஒயர் எரிந்துவிடும். சிவப்புக்குத் தனி சுவிட்ச் வைத்தோம். இந்த வண்டிச் சாவியில் செட்டுக்கென்று தனி நிலை கிடையாது. இன்ஜின் ஓடாமல் இக்னிஷனைப் போட்டு வைத்து பயான் கேட்டால் காயில் சூடாகிக் கெடும்.

ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரைப் பாடியில் கொடுக்கவே கூடாது. பழைய ரேடியோவில் அப்படிச் செய்வார்கள். இந்த செட்டில் செய்தால் அடுத்த போர்டும் போகும். நான்கு ஸ்பீக்கர் வேண்டாம், இரண்டு போதும் என்று நாங்களே முடிவு செய்தோம். பெட்டியில் '50 வாட் நான்கு' என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு, எப்போதும் அவ்வளவு வராது. டைனமோவோ முழு வேகத்தில்கூட ஏறத்தாழ 20 ஆம்பியர்தான் தரும், இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரவில் ஹெட்லைட்டுக்கே பாதி போய்விடும்.

டேஷ்போர்டை வெட்டவில்லை. அதன் கீழே சாமான் வைக்கும் தட்டில் பிளைவுட் பெட்டி செய்து செட்டை உட்கார வைத்தோம். நாளைக்கே கழற்றினாலும் அவருடைய அத்தாவின் வண்டி அப்படியே இருக்கும்.

பானட்டின் உள்பக்கம், பேட்டரிக்கு நேர் மேலே, பிள்ளைகள் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள்: "இப்போது நெகட்டிவ் எர்த்". இந்த மாடல் தெரிந்த மெக்கானிக் யாராவது பேட்டரி கழற்ற வந்தால், பாசிட்டிவ் எர்த் என்று நினைத்துத் திருப்பி மாட்டிவிடக் கூடாது அல்லவா.