ஜூரியாக அழைக்கப்பட்டவர்கள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் வாசகம்)



கடனைப் பற்றியும், விதை, எரு, கால்நடை இவற்றைப் பற்றியும் இத்தகைய கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுவதுண்டு. இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. பிறருடைய வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும்படி சாதாரண ஜனங்கள் கோர்ட்டுக்கு அழைக்கப்பட்ட வரலாறே அது. ஜூரி என்னும் அவ்வேற்பாடு இந்தியாவின் குற்ற விசாரணைகளில் இப்பொழுது இல்லை. 1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம் 1974-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதில் ஜூரிக்கு இடமில்லை. ஆயினும், அழைக்கப்பட்டவர்கள் பட்ட கஷ்டத்திலும், அவர்கள் செய்த வேலையிலும் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளத்தக்க பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது.

சம்மன் வந்த விதம்

1898-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஸெஷன்ஸ் கோர்ட்டு விசாரணைகள் ஜூரியைக் கொண்டோ, அசெஸர்களைக் கொண்டோ நடைபெற வேண்டும். எந்த ஜில்லாவில் எந்தக் குற்றங்களுக்கு ஜூரி என்பதை மாகாண அரசாங்கம் உத்தரவினால் நிர்ணயித்தது. 21 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்மக்கள் யாவரும் தம் ஜில்லாவில் இவ்வேலைக்குக் கடமைப்பட்டவர்கள். பெண்கள் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. தொழில் நடத்தும் வைத்தியர், வக்கீல்கள், போலீசார், தபால் இலாகா சிப்பந்திகள், கோயிற் பணியிலுள்ள குருக்கள் முதலியோருக்கு விலக்கு உண்டு. உழவனுக்கு உழவன் என்ற காரணத்தால் விலக்கு இல்லை.

ஸெஷன்ஸ் ஜட்ஜும் கலெக்டரும் சேர்ந்து, தகுதியுடையவர்களென்று தாங்கள் கருதியவர்களின் ஜாபிதாவைத் தயாரிப்பார்கள். விசாரணைக்கு வேண்டியவர்களைப் போல இரண்டு பங்குக்குக் குறையாத பெயர்கள் பகிரங்கக் கோர்ட்டில் சீட்டுக் குலுக்கி எடுக்கப்படும். கடந்த 6 மாதத்துக்குள் இவ்வேலை செய்தவர்களைக் கூடியவரையில் மறுபடியும் அழைக்கலாகாது என்பதும் விதி.

சீட்டெடுக்கும் முறை தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியப் பெருமக்களைத் தேர்ந்த விதத்தை அது விவரிக்கிறது. கடந்த 3 ஆண்டுகளில் வாரியம் செய்தவர்களும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களும், அப்படிக் கணக்குக் காட்டாதவர்களின் நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகாதவர்கள். பொதுக் காரியம் ஒரே கையில் தங்கலாகாது என்னும் கருத்து அன்றே வேரூன்றியிருந்தது.

ஜூரிச் சம்மனைக் கையில் வாங்கிய குடியானவனுக்குக் கௌரவத்தைக் காட்டிலும் கவலையே முதலில் தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. நடவு நேரமாயின் தண்ணீர் முறை தவறும். அறுப்பு நேரமாயின் களத்தைப் பார்க்க ஆள் வேண்டும். ஜில்லாத் தலைநகருக்குப் போய், விசாரணை முடியும்வரை தங்கவும் வேண்டும். தக்க காரணமின்றிப் போகாமலிருந்தால் 100 ரூபாய் வரையில் அபராதம் விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமிருந்தது. அந்த அபராதத்தை ஜங்கம சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். வசூலாகாவிட்டால் 15 நாள் சிவில் ஜெயிலில் வைக்கலாம். நூறு ரூபாய் என்பது அக்காலத்து ஏழைக் குடும்பத்துக்கு அற்பத் தொகையன்று.

ஜூரியின் வேலை

கோர்ட்டுக்கு வந்தவர்களிலிருந்து மீண்டும் சீட்டுப் போட்டு ஜூரிகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஸெஷன்ஸ் கோர்ட்டில் 5-க்குக் குறையாமலும் 9-க்கு மேற்படாமலும் ஒற்றைப்படை எண்ணாக இருத்தல் வேண்டும். ஹைகோர்ட்டில் 9 பேர். ஒருவர் பாரபட்சமுள்ளவர் என்று எதிரி ஆக்ஷேபித்தால் ஜட்ஜு அதை விசாரித்து, உண்மையாயின் அவரை நீக்குவார். பிறகு தம்முள் ஒருவரைத் தலைவராகத் தெரிந்துகொண்டு, யாவரும் சத்தியப் பிரமாணம் செய்வார்கள்.

சட்டம் இன்னது என்று சொல்வது ஜட்ஜின் பொறுப்பு. நடந்தது இன்னது என்று முடிவு செய்வது ஜூரியின் பொறுப்பு. சாக்ஷி உண்மை பேசுகிறானா, பொய் பேசுகிறானா, இருட்டில் நூறு அடிக்கு அப்பால் நின்றவனை அடையாளம் கண்டிருக்கக் கூடுமா என்பவற்றைத் தீர்மானிக்கச் சட்டப் புஸ்தகம் வேண்டுவதில்லை. உலக அனுபவம் போதும். வாய்க்காற் கரையையும் களத்து மேட்டையும் அறிந்த ஒருவன் இதில் யாருக்கும் குறைந்தவனல்லன்.

வழக்கைப் பற்றி ஜூரி ஒருவருக்கு நேரில் ஏதேனும் தெரிந்திருந்தால், அதை அறைக்குள் மற்ற ஜூரிகளிடம் இரகசியமாகச் சொல்லலாகாது. ஜட்ஜிடம் தெரிவித்து, மற்றச் சாக்ஷிகளைப் போலவே கூண்டேறிப் பிரமாணம் செய்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். எதிரியின் காதுக்கு எட்டாத வார்த்தையைக் கொண்டு அவனைத் தண்டிக்கலாகாது என்பதே இதன் நியாயம்.

பன்னிருவர் பட்ட பாடு

ஜூரி முறையின் தாயகமாகிய இங்கிலாந்திலே 1670-ஆம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவம் இவ்விஷயத்தில் என்றும் நினைக்கத்தக்கது. க்வேக்கர் என்னும் கிறிஸ்தவ மதப் பிரிவினரின் பிரார்த்தனை மண்டபத்தை அரசாங்கத்தார் பூட்டிவிட்டனர். வில்லியம் பென் என்னும் 25 வயது இளைஞர் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவிலேயே நின்று உபதேசம் செய்தார். அவரையும் வில்லியம் மீட் என்பவரையும், சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டிக் கலகம் விளைத்ததாகக் குற்றஞ்சாட்டி, ஓல்டு பெய்லி கோர்ட்டில் நிறுத்தினார்கள். 12 நகரவாசிகள் ஜூரிகளாக அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் எட்வர்டு புஷல்.

நீதிபதிகள் எதிர்பார்த்தது குற்றவாளி என்ற ஒரே சொல்லை. ஆனால், தெருவில் பேசினார் என்பதற்கு மேல் பென் மீது ஒன்றும் ருஜுவாகவில்லை என்பது ஜூரிகளின் கருத்து. பேசினது குற்றமென்று சொல்ல அவர்கள் மனம் ஒப்பவில்லை. லண்டன் நகர மேயரும் மற்றவர்களும் சீறினார்கள். புஷலின் மூக்கை அறுத்துவிடுவதாக மேயர் மிரட்டியதாக அவ்வருஷமே அச்சான விசாரணை வரலாறு கூறுகிறது. கோர்ட்டார் ஒப்பும் முடிவைச் சொல்லும் வரையில் வெளியே விடுவதில்லையென்று பன்னிருவரையும் அறையிலிட்டுப் பூட்டினார்கள். உணவில்லை, தண்ணீரில்லை, குளிர்காய நெருப்பில்லை. மறுநாள் அழைத்துக் கேட்டார்கள்; சொன்னதையே சொன்னார்கள். மீண்டும் பூட்டினார்கள். இரண்டு இரவுகள் இப்படிக் கழிந்தன. செப்டம்பர் 5-ந் தேதி வெளியே வந்த ஜூரிகள், பென், மீட் இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

உடனே ஜூரிகள் ஒவ்வொருவருக்கும் 40 மார்க்கு அபராதம் விதிக்கப்பட்டது. அது அந்நாட்டுப் பணத்தில் 26 பவுனுக்கு மேற்பட்ட தொகை. கட்டும்வரை சிறை என்பது உத்தரவு. சிலர் செலுத்தி வீடு திரும்பினார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டியவர்கள். புஷல் முதலிய நால்வர் மாத்திரம், நேர்மையாகச் சொன்ன முடிவுக்கு அபராதம் கட்டுவதில்லை என்று சிறையிலேயே இருந்து மேற்கோர்ட்டில் முறையிட்டார்கள். பிரதம நீதிபதி வாகன் அவர்களை விடுதலை செய்தார். சாக்ஷியத்தை நேரிற் கேட்டு மனச்சாக்ஷிப்படி முடிவு சொன்ன ஜூரியை, அம்முடிவுக்காகத் தண்டிக்கலாகாது என்பது அவர் தீர்ப்பு. மற்றொருவன் கண்ணைக்கொண்டு ஒருவன் பார்க்க முடியாததுபோல, மற்றொருவன் புத்தியைக்கொண்டு ஒருவன் முடிவு செய்யவும் முடியாது என்பது அவர் காட்டிய நியாயத்தின் சாரம். அன்று விடுதலையான பென் பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா என்னும் குடியேற்றத்தை ஸ்தாபித்தார்.

ஜூரிகளைப் பட்டினி போடும் பழக்கம் அவ்வழக்குக்காக ஏற்பட்டதன்று. இங்கிலாந்தின் பழைய வழக்கமே அது. விரைவில் ஒருமனப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1870-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான், ஜூரிகள் தம் சொந்தச் செலவில் சிற்றுண்டி கொள்ளவும் நெருப்பு வைத்துக்கொள்ளவும் அநுமதி கிடைத்தது.

மற்றோர் ஆபத்து

மேலிருந்து வரும் அச்சம் ஒன்று. சுற்றிலுமிருந்து எழும் ஆரவாரம் மற்றொன்று. 1959-ஆம் வருஷம் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கு இரண்டாவதை நினைவூட்டுவது. கடற்படை உத்தியோகஸ்தரான நானாவதி, தம் மனைவியுடன் தொடர்பு கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். பத்திரிகை ஒன்று அவருக்காகப் பலமாக வாதாடியது. ஊர் முழுவதும் அதே பேச்சு. ஜூரிகள் 9 பேரில் 8 பேர் குற்றவாளி அல்லர் என்றனர். அம்முடிவை ஏற்க மனமில்லாத ஸெஷன்ஸ் ஜட்ஜு, சட்டம் அளித்த அதிகாரப்படி வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். 1960-இல் ஹைகோர்ட்டு குற்றவாளியென்று தீர்மானித்து ஆயுள் தண்டனை விதித்தது. 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. ஊராரின் பேச்சு ஜூரிகளின் மனத்தைத் திருப்பியது என்று நிரூபிக்க வழியில்லை; திருப்பியிருக்கும் என்ற சந்தேகமே அவர்கள் சொல்லின் மதிப்பைக் கெடுத்தது.

இவ்வழக்கே ஜூரி முறைக்கு முடிவு கட்டியது என்று பலர் சொல்லுவதுண்டு. அது முற்றும் சரியன்று. அசெஸர் முறை 1955-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தினால் ஒழிந்தது. ஜூரியை நீக்கலாமென்று சட்டக் கமிஷன் 1958-ஆம் வருஷமே சிபாரிசு செய்திருந்தது. நானாவதி வழக்குக்குப் பின்னரும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தே வந்தது.

சங்கத்துக்கு இதிற் பயன் என்ன?

கோர்ட்டில் ஜூரி இல்லாவிட்டாலும், ஒருவன் பிறனைப் பற்றி முடிவு சொல்ல வேண்டிய சமயம் கிராமத்தில் மறையவில்லை. கடன் கேட்டவனுக்குக் கொடுக்கலாமா, தவணை தவறியவனுக்கு அவகாசம் தரலாமா, கணக்கில் குறைந்த பணத்துக்கு யார் பொறுப்பு, ஓர் அங்கத்தினனை நீக்கலாமா என்பவை நிர்வாக சபையிலும் மகாசபையிலும் வருகின்ற கேள்விகள். சம்பந்தப்பட்டவனுக்கு இவை சிறிய காரியங்களல்ல. கடன் மறுக்கப்பட்டவன் அதிக வட்டிக்குக் கடன் வாங்கி நிலத்தை இழக்கலாம். குற்றமின்றித் திருடன் என்று பெயரெடுத்தவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அத்தகைய சமயத்தில் ஜூரியின் ஒழுக்கம் அங்கத்தினருக்கு வழிகாட்டும்.

முதலாவது, தன் உறவினன் அல்லது பகைவன் சம்பந்தப்பட்ட விஷயமாயின், அதை வெளிப்படச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சம்பந்தப்பட்டவனை நேரில் அழைத்து, அவன் சொல்வதை முழுதும் கேட்ட பின்பே பேச்சைத் தொடங்க வேண்டும். டீக்கடையில் கேட்டதையும் கோயில் வாசலில் கேட்டதையும் சாக்ஷியமாகக் கொள்ளலாகாது. தெரிந்த விஷயம் உண்டானால் அவன் முன்னிலையிலேயே சொல்லி, அவன் பதில் கூற இடங்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தலைவரின் முகத்தைப் பார்த்துக் கை தூக்குவதும், கூட்டத்தின் சப்தத்தைக் கேட்டுக் கை தூக்குவதும் ஒன்றே. இரண்டிலும் முடிவு செய்தவன் வேறொருவன்; கை மாத்திரம் இவனுடையது. மனம் ஒப்பாத இடத்தில், மரியாதை குறையாமல், காரணத்தைச் சொல்லி, மாறான கருத்தை நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதியச் செய்யலாம்.

நான்காவது, வேலை மிகுதியைக் காரணமாகச் சொல்லிக் கூட்டத்துக்கு வராமலிருப்பது. ஜூரிக்கு வராதவனுக்கு அக்காலத்தில் 100 ரூபாய் வரையில் அபராதம் இருந்தது. மகாசபைக்கு வராதவனுக்கு அத்தகைய ஜப்தியும் ஜெயிலும் இல்லை. ஆனால் தண்டனை அடியோடு இல்லையென்று எண்ண வேண்டாம். வந்தவர் நால்வர் எழுதிய தீர்மானம் வராதவர் நாற்பது பேரையும் கட்டுப்படுத்தும். அது தவறானதாயின் நஷ்டத்தையும் அவர்களே சுமக்க நேரும்.

புஷல் என்பவர் மந்திரியுமல்லர், பிரபுவுமல்லர். ஜூரியாக அழைக்கப்பட்டவர். தம் வேலையை விட்டு வந்தவர். பசியோடு பூட்டிய அறையில் இருந்தபோது, அவரிடம் இருந்தது ஒரே ஒரு பொருள்: தம் காதால் கேட்டதைக் கொண்டு தாமே செய்த முடிவு. அதை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ அவர் இசையவில்லை. அடுத்த மகாசபைக்கு அறிவிப்புச் சீட்டு வரும்போது, வயலில் வேலை இருக்கத்தான் இருக்கும். அதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சொந்தக் காதோடும் சொந்த மனத்தோடும் கூட்டத்துக்கு வந்து சேர்வாராக.