தட்டில் வளரும் சிறுநீரகம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் ஆய்வகத்தில் தவளையை அறுத்துச் சிறுநீரகத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, சிறுநீரகம் வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்கிறீர்கள்!

ஆனால் கதை தவளையில்தான் தொடங்குகிறது. ஒரு தவளைக்குஞ்சின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்துத் தலைப்பிரட்டை வளர்த்தார் ஜான் குர்டன். அது 1962. வளர்ந்த செல்லையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பலாம் என்று அதில் தெரிந்தது. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2007-ல் நான்கே மரபணுக்களைக் கொண்டு மனிதத் தோல் செல்களைக் குருத்தணுக்களாக மாற்றினார். 2012-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

நமது ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. போனது போனதுதான்.

2015-ல் ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டில், மினோரு தகசாட்டோ குழுவினர் குருத்தணுக்களுக்கு முதலில் ஒரு வேதிப்பொருளையும், அடுத்து எஃப்.ஜி.எஃப்.9 என்ற வளர்ச்சிக் காரணியையும் கொடுத்தார்கள். பிறகு செல்களைச் சிறு உருண்டையாகச் சேர்த்து வைத்தார்கள். அவ்வளவுதான். செல்கள் தாமாகவே பிரிந்து, வடிகட்டியாகவும் குழாயாகவும் அமைந்துகொண்டன. மூன்று நான்கு வாரங்களில், முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை ஒத்த ஒரு துணுக்கு தயார். இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர்.

அதை உடம்பில் பொருத்தலாமா? முடியாது. இரத்தம் முறையாக வந்து போக வழியில்லை, சிறுநீர் வெளியேறப் பாதையில்லை. தண்ணீர் இணைப்பும் சாக்கடையும் இல்லாத வீடு மாதிரி!

ஆனால் பயன் உண்டு. ஒரு மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று இதில் சோதிக்கலாம். பரம்பரை நோயாளியின் செல்லிலிருந்தே வளர்த்து, நோய் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கலாம். 2020-ல் கொரோனா கிருமி சிறுநீரக செல்களைத் தாக்குவதையும் இப்படித்தான் சோதித்தார்கள்.

நேற்று இரவு விடுதி வராந்தாவில் நம் வகுப்புத் தோழன் ஒருவன் என்னைத் தனியே அழைத்தான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவன். அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "ஏண்டா, ஸ்டெம் செல் ஊசி போட்டா கிட்னி சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார். ஊர்ல இருக்கிற நிலத்தை வித்துடட்டுமா?" என்றான்.

"விக்காதேடா" என்றேன். செயலிழந்த சிறுநீரகத்தை மீட்கும் ஊசி இன்றைக்கு இல்லை. ஆய்வகத்தில் நடப்பதைக் காட்டி, நடக்காததை விற்பவர்கள் இருக்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் பேரனுக்காவது கிடைக்குமா?" என்றான். கிடைக்கலாம் என்றேன். தேதி சொல்ல என்னால் முடியவில்லை.

அதுவரை அவனைப் போன்றவர்களுக்கு நல்ல வழி, இன்னொரு மனிதர் தரும் சிறுநீரகம்தான். உறுப்பு தானம் பற்றி இன்று வீட்டுக்குப் போனதும் பேசுங்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.