ஓடுவோரும் நாய்களும்



கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாகச் சவளக்கடைக்கு வரும் வீதியை வைகறைப் பொழுதிலே பார்த்தவர்களுக்கு அதன் அழகு மறவாது. இருமருங்கும் நீரும் வயலும். சுபஹுத் தொழுகை முடித்து வீடு திரும்புவோர், கோயிலுக்குப் பூக்கொண்டு செல்வோர், மண்வெட்டியைத் தோளிற் சாய்த்த உழவர், துவிச்சக்கர வண்டியிலே மீன் கொண்டுவரும் வியாபாரி, நீரிழிவுக்கு அஞ்சி வைத்தியர் சொற்படி விரைந்து நடக்கும் நடுவயதினர், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கெனத் தனியாக ஓடிப் பழகும் மாணவர் எனப் பலரும் அவ்வீதியிலே செல்வர். இவர்களோடு இன்னுமொரு வழிப்போக்கரும் உண்டு. அவர்தாம் நாயார்.

இந்த வழிப்போக்கருக்கும் ஓடுவோருக்கும் இடையே உண்டாகும் பிணக்கைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். இது சிரிப்புக்குரிய பொருள் என்று சிலர் கருதலாம். நானும் ஒருகாலத்திலே அவ்வாறே கருதினேன். அக்கருத்தை மாற்றிய நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அதிபராக இருந்த பாடசாலையொன்றிலே மரதன் ஓட்டப் போட்டிக்கு நாட்குறித்திருந்தோம். வாகனங்களுக்கு அஞ்சி, ஆசிரியர் துணையின்றி வீதியில் ஓடிப் பழகுவோரின் பெயர் போட்டியிலிருந்து நீக்கப்படும் என்று காலைக் கூட்டத்திலே கண்டிப்பாக அறிவித்தேன். நல்லெண்ணத்தோடு செய்த அறிவிப்புத்தான். ஆயினும், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசை மிகுதியால் விடியுமுன் தனியே ஓடினான். ஒரு வளவிலிருந்து பாய்ந்து வந்த நாய் அவனுடைய கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. பெரிய காயமன்று, இரண்டு பற்கள் பதிந்த அடையாளம் மாத்திரமே. அவன் அதனை வீட்டிலும் சொல்லவில்லை, பாடசாலையிலும் சொல்லவில்லை. நான்காம் நாள் அவனுடைய நடை கோணுவதைக் கண்டு விளையாட்டு ஆசிரியர் காரணம் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. "ஏன் மறைத்தாய்?" என்று நான் கேட்டேன். "பெயரை வெட்டிவிடுவீர்கள் என்று பயந்தேன், சேர்" என்றான்.

அன்றே அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். தடுப்பூசி தொடங்கப்பட்டது. நாய்க்குரியவரைத் தேடிச் சென்று கேட்டபோது, அந்நாய்க்கு ஒருபோதும் ஊசி போட்டதில்லை என்றார். "வீட்டு நாய்தானே, சேர்" என்பது அவர் மறுமொழி. இறைவன் அருளால் நாய் நோயின்றி இருந்தது, மாணவனும் நலமடைந்தான். எனினும், அந்த நான்கு நாட்களை இன்று நினைத்தாலும் என் உள்ளம் நடுங்குகின்றது. நாயின் பல்லிலும் பார்க்கக் கொடியதாக இருந்தது என்னுடைய அறிவிப்பு.

ஏன் இவ்வாறு சொல்கின்றேன்? விசர்நாய்க்கடி நோயின் இயல்பு அத்தகையது. நோய்க்கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே குறிகள் தோன்றும். சிலருக்கு ஒரு வாரத்திலும் தோன்றலாம், சிலருக்கு ஓராண்டு கடந்தும் தோன்றலாம். குறிகள் தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. ஆனால், கடிபட்டவுடன் உரிய சிகிச்சை பெற்றால் அந்நோயை முற்றாகத் தடுக்கலாம். 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் நாள் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனாகிய யோசப் மைஸ்டருக்குத் தம் தடுப்பு மருந்தை ஏற்றுவித்துக் காப்பாற்றிய நாள்தொட்டு, இந்நோயால் நேரும் சாவு தடுக்கத்தக்க சாவாகிவிட்டது. அவ்வாறிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களுள் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய்க்கடியினாலேயே.

இனி, நாய் ஏன் ஓடுவோரைத் துரத்துகின்றது என்பதைப் பார்ப்போம். நாய் வேட்டையாடும் குலத்திற் பிறந்தது. ஓடும் பொருளைத் துரத்துதல் அதன் இரத்தத்தில் ஊறிய குணம். முயலாயினும், உருளும் சில்லாயினும், மாணவனின் காலாயினும் அதற்கு ஒன்றே. அத்தோடு, தன் வளவு, தன் வீதிமுனை, தன் குட்டி ஆகியவற்றைக் காத்தல் தன் கடமையென்று அது நம்புகின்றது. அந்தக் குணத்துக்காகவே அதனை நாம் வளர்க்கின்றோம். வயற்காவலுக்கும், இரவிலே யானை வரும் அரவம் கேட்டுக் குரைப்பதற்கும் நமக்கு நாய் வேண்டும். இரவிலே புகழ்ந்த குணத்தைக் காலையிலே பழிப்பது முறையாகாது. நாய்க்கு ஓடுவோர் இவர், கள்வர் இவர் என்று பகுத்தறியும் ஆற்றல் இல்லை. பகுத்தறிவு உடையவர் நாம். ஆதலால் ஒழுங்கு செய்யவேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

முதலாவதாக, ஓடுவோருக்குரிய முறைகளைச் சொல்கின்றேன். நாய் துரத்தும்போது அதனை ஓடி வெல்ல முயலாதீர்கள். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலே 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் நம் நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம் வென்றுதந்த டங்கன் வைற், அத்தூரத்தை 51.8 விநாடியில் ஓடினார். கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர் வேகம். நம் வீதி நாய் அதனினும் விரைந்தோட வல்லது. ஒலிம்பிக் வீரரே வெல்ல முடியாத ஓட்டத்தை நாம் தொடங்குவானேன்?

ஆகவே, நாயைத் தூரத்திற் கண்டதும் ஓட்டத்தை நடையாக்கிக்கொள்ளுங்கள். கூடுமானால் வீதியின் மறுபுறமாகச் செல்லுங்கள். அது நெருங்கி வந்தால் நில்லுங்கள். கைகளை மார்போடு சேர்த்து, உடலைச் சற்றே பக்கவாட்டிலே திருப்பி, அதன் கண்ணை உற்று நோக்காமல் மரம்போல் நில்லுங்கள். ஓடாத பொருளிலே நாய்க்கு நாட்டம் குறையும். அது ஆறியபின் மெல்லப் பின்வாங்கிச் செல்லுங்கள். முதுகைக் காட்டி ஓடாதீர்கள். துவிச்சக்கர வண்டியில் வருவோர் இறங்கி, வண்டியைத் தமக்கும் நாய்க்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். கீழே விழ நேர்ந்தால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய் ஆகிய மூன்றனுக்கும் அருகே செல்லாதிருத்தலைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே கற்பிக்க வேண்டும்.

குனிந்து கல்லெடுப்பதுபோற் காட்டினால் நாய் ஓடிவிடும் என்பது நம் ஊரவர் அனுபவம். தூரத்தில் நிற்கும் நாய்க்குப் பலமுறை அது பொருந்தும். ஆனால் அண்மையில் வந்த நாய்க்கு முன் குனிந்தால் நம் முகத்தையே அதன் வாய்க்குக் கொண்டுபோகின்றோம். உண்மையாகவே கல்லெறிவதோ இன்னும் பெருந்தவறு. கல்லடி பட்ட நாய் அக்கடனை நம்மிடம் தீர்ப்பதில்லை. அடுத்து அவ்வழியே வரும் சிறுபிள்ளையிடமே தீர்க்கும்.

இரண்டாவதாக, நாய் வளர்ப்போருக்குரிய முறைகள். காலையும் மாலையும் பிள்ளைகள் நடமாடும் வேளையிலே நாயைக் கட்டிவையுங்கள். அல்லது படலையைச் சாத்திவையுங்கள். வீதிக்குக் கொண்டுவரும்போது கயிறு கையில் இருக்கட்டும். எதிரே ஒருவர் ஓடிவரக் கண்டால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். "எங்கள் நாய் கடியாது" என்று உரத்துச் சொல்வதாற் பயனில்லை. அது உங்களைக் கடியாது. வழிப்போக்கரை அதற்குத் தெரியாது. எல்லாவற்றிலும் மேலாக, ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் கடற்கரையிலும் விட்டுவரும் வழக்கத்தைக் கைவிடுங்கள். இன்று கைவிட்ட குட்டியே நாளைய கட்டாக்காலி நாய். மீன்கழிவும் குப்பையும் கொட்டப்படும் இடங்களிலே அவை கூட்டங்கூடும்; கூட்டத்தில் தனிநாய்க்கில்லாத துணிவு உண்டாகும். குப்பையை ஒழுங்காக அகற்றுதலும் நாய்க்கடிக்கு மருந்தே.

இவை புதிய சட்டங்களல்ல. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச்சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச்சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் இந்நாட்டிலே பிறந்துவிட்டன. 1973 ஆம் ஆண்டில் இலங்கையிலே 377 பேர் இந்நோயால் இறந்தனர். தடுப்பூசி பரவியதன் பயனாக அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. 2006 ஆம் ஆண்டு முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியாகக் கொள்ளப்பட்டன. நம்மைப்போலத் தீவு நாடாகிய யப்பான், 1950 ஆம் ஆண்டிலே சட்டமியற்றி நாய்தோறும் பதிவும் ஊசியும் கட்டாயமென்றது. 1957 ஆம் ஆண்டோடு தன் மண்ணிலிருந்து இந்நோயை ஒழித்தது. ஏழே ஆண்டுகள்! கடல் சூழ்ந்த நமக்கும் அது கைகூடாத காரியமன்று.

மூன்றாவதாக, கடிபட்டால் செய்யவேண்டுவது. இதனைத் தயைகூர்ந்து வீட்டிலுள்ள அனைவரும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கடிவாயைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே முழுமையாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பின்னர் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறு கீறலாயினும், குருதி வராவிடினும், நாய்க்குட்டியாயினும், பூனையாயினும் செல்லவேண்டியதே. ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டிவைத்து இரு வாரம் கவனித்தால் அது நோயுற்றதா அன்றா என்பது தெரியவரும். ஆயினும் அதற்காகச் சிகிச்சையைப் பிற்போடலாகாது.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைப் புண்ணிலே அப்ப வேண்டாம். முஸ்லிம் நேயர்களுக்கு இன்னுமொரு சொல். நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழுமுறை கழுவுதலும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்து கழுவுதலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம்மவரின் நடைமுறை. ஆனால் பிளந்த புண்ணுக்குள் மண் புகுந்தால் ஏற்புவலி என்னும் மற்றொரு கொடுநோய்க்கு வழியாகும். ஆகவே புண்ணுக்குச் சவர்க்காரமும் நீரும் வைத்தியரும் முதலிடம் பெறட்டும்; உடையும் உடலும் பற்றிய மார்க்கச் சுத்தத்தை அறிந்தோரிடம் கேட்டுப் பின்னர் நிறைவேற்றலாம்.

சுத்தத்தை முன்னிட்டு நாயினின்றும் விலகியிருப்பது ஒன்று. அதனை வெறுத்து வருத்துவது வேறொன்று. தாகத்தால் வாடிய நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழி கூறுகின்றது. குகைத் தோழரின் வரலாற்றிலே அவரோடிருந்த நாயையும் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. மகாபாரதத்திலே தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்தார். பள்ளிவாசலும் கோயிலும் அண்மையில் அமைந்த நம் பிரதேசத்திலே இவ்விரு மரபும் ஒன்றையே கற்பிக்கின்றன. வாயில்லாச் சீவனின் பொறுப்பு வாயுள்ளவனைச் சாரும்.

இறுதியாகப் பெற்றோருக்கும் என்னைப்போன்ற ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். "நாய் கடித்தது" என்று பிள்ளை சொல்லும்போது, "அங்கே ஏன் போனாய்?" என்று கேளாதீர்கள். "எங்கே, காட்டு" என்று கேளுங்கள். தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை காயத்தை மறைக்கும். மறைத்த காயத்துக்கு மருந்தில்லை. அந்த நிகழ்ச்சியின் பின் நான் மாணவருக்கு அறிவித்த விதியை மாற்றிக்கொண்டேன். தனியே ஓடாதே என்று இன்றும் சொல்கின்றேன். ஆனால் கடியோ கீறலோ பட்டால், எந்த விதியை மீறியிருந்தாலும் என்னிடம் வா. அதற்குத் தண்டனை இல்லை என்று சேர்த்துச் சொல்கின்றேன்.

அந்த மாணவன் மறு ஆண்டுப் போட்டியிலே ஓடினான். வழியில் ஒரு நாய் குறுக்கிட்டதாம். நின்று, அதனைப் போகவிட்டு, மீண்டும் ஓடினானாம். மூன்றாமிடமே கிடைத்தது. எனக்கு அதுவே முதலிடமாகத் தோன்றியது.