என் பேத்தியின் கை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் பத்தியெல்லாம் நிறையப் பேர் பேசிட்டாங்க. நான் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கேன். அதில் தப்பு செஞ்சது நான்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இடது கை குட்டையா, மணிக்கட்டு உள்பக்கமா வளைஞ்சு, கட்டைவிரல் இல்லாம இருந்தது. பார்த்ததும் நான் கேட்டது, "அஞ்சாம் மாசம் கிரகணத்தன்னிக்கு அரிவாள்மனையைத் தொட்டியா?" பிள்ளை பெத்து ஒரு நாள்கூட ஆகாதவ, ஒண்ணும் பேசாம சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. வந்தவங்க போனவங்ககிட்டயும் மூணு மாசம் அதையே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாகிட்டயும் கிரகணத்தைச் சொன்னேன். அவங்க கோபப்படல. "பாட்டி, கரு உண்டாகி 4-ஆவது வாரத்திலிருந்து 8-ஆவது வாரத்துக்குள்ள கை உருவாகிடும். ரெண்டாம் மாசமே முடிஞ்ச வேலையை அஞ்சாம் மாசக் கிரகணம் எப்படிக் கெடுக்கும்?" என்று கேட்டாங்க. என்னால் பதில் சொல்ல முடியல.

முழங்கைக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பு வளராமல் போனால், தாங்க ஆளில்லாமல் மணிக்கட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இதை ரேடியல் கிளப் ஹேண்ட் என்கிறார்கள். மிக அபூர்வமானது. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. சிலருக்கு மரபணுவால் வரும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகளாலும் வரலாம். அதுக்காக மாத்திரையைத் தானா நிறுத்திடாதீங்க. கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்க.

முக்கியமான ஒண்ணு. இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இதயம், சிறுநீரகம், ரத்தத்திலும் குறை இருக்கலாம். அதனால் கையை மட்டும் பார்த்து விட்டுடக் கூடாது. எங்க பிள்ளைக்கு இதய ஸ்கேன், வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாங்க. நல்லவேளை, ஒண்ணும் இல்லை.

பிறந்ததிலிருந்தே கையை மெல்ல நீட்டிவிடும் பயிற்சியைத் தொடங்கணும். நாங்க மூணு மாசம் வீணாக்கினோம். பிறகு பால் கொடுக்கும்போதெல்லாம் மருமகள் செய்தாள். அளவெடுத்து பட்டை மாட்டினாங்க. ஒரு வயசுக்கு மேல் மணிக்கட்டை நேராக்கி ஒரு அறுவை சிகிச்சை. அடுத்த வருஷம் ஆள்காட்டி விரலையே கட்டைவிரல் இடத்துக்கு மாற்றி இன்னொன்று. வளர வளர மறுபடி வளையலாம் என்பதால் இன்னமும் ராத்திரியில் பட்டை போடுறோம். கை குட்டையாத்தான் இருக்கும். ஆனா பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தானை அவளே போட்டுக்கிறா.

போக்குவரத்துக்குக் குழுவில் உள்கடன் வாங்கிச் சமாளிச்சோம். உங்க ஊர்க் குழந்தைக்கு இப்படி இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போய் என்ன கிடைக்கும் என்று விசாரிங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

என் மருமகளும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கா. வீட்டில் ஒரு நாள், "தெரியாமப் பேசிட்டேன், தாயி" என்றேன். "மூணு மாசம் நான் தூங்கலத்தை" என்று மட்டும் சொன்னாள். நாலு பேர் முன்னால் பழி சொன்னவள் நான். அதனால் நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி எந்த வீட்டிலாவது இப்படி ஒரு குழந்தை பிறந்தால், "என்ன செஞ்சே?" என்று தாயைக் கேட்காதீங்க. "எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்? நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்க.