தவணைக் கடனும் சட்டமும்



முழுவிலையும் கையில் இல்லாதபோதே ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் விலையைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் வழக்கம் இன்று எங்கும் பரவியுள்ளது. கடைசித் தவணை தீரும்வரை அப்பொருள் யாருக்குச் சொந்தம்? எளிய குடும்பங்கள் பலவற்றை வாட்டிய இவ்வினாவை, இங்கிலாந்தின் வரலாற்றைக்கொண்டு விளக்க விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தையல் இயந்திரமும் பியானோவும் தவணைமுறையில் தொழிலாளர் இல்லங்களை அடைந்தன. ஆனால், ஒப்பந்தத்தில் 'விலை' என்ற சொல்லுக்குப் பதில் 'வாடகை' என்ற சொல்லே இருந்தது. 36 மாதத் தவணைகளில் ஒரு பியானோவை எடுத்தவர், இடையிலேயே அதை அடகுவைத்துவிட்டார். 1895இல் ஹெல்பி–மாத்யூஸ் என்னும் அவ்வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எடுத்தவர் வாங்குவதாக உறுதி கூறவில்லை. விரும்பினால் திருப்பித் தரலாம். ஆகவே பியானோ வணிகருக்கே உரியது என்பது அத்தீர்ப்பு.

வணிகருக்கு இது நியாயமான காப்பு. ஆயினும் இதன் மறுபக்கம் கொடியது. பன்னிரண்டு பவுன் பொருளுக்குப் பத்துப் பவுன் செலுத்திய ஒருவர், வேலையிழந்து தவணை தவறினார் என்று கொள்வோம். பொருளும் போகும், கொடுத்த பணமும் போகும். வணிகரோ அதே பொருளை மீண்டும் மற்றொருவருக்குக் கொடுத்துப் பொருளீட்டலாம்!

வேலையின்மையால் நலிந்த ஜாரோ நகரத்தின் பாராளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்சன் அம்மையார் இக்கொடுமையை எதிர்த்தார். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1938இல் சட்டமாயிற்று. ரொக்க விலையை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். ஒப்பந்தத்தின் படியை வாங்குவோருக்கு அளித்தல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு செலுத்தப்பட்டபின், நீதிமன்ற ஆணையின்றி வலிந்து பொருளை மீட்டலாகாது. இவ்விதிகளின் சாரம், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்திலும் நிலைபெற்றது.

இச்சட்டம் கடனைத் தடுக்கவுமில்லை, தள்ளுபடி செய்யவுமில்லை. செலுத்திய பணத்திற்கும் ஓர் உரிமை உண்டு என்பதையே அது ஏற்றுக்கொண்டது. இதனையே இதன் பெருஞ்சிறப்பாக நான் கருதுகிறேன்.

நாளை நீங்களும் இத்தகைய பத்திரங்களில் கையொப்பமிடக்கூடும். ரொக்க விலை என்ன, தவணைகளின் கூட்டுத்தொகை என்ன, தவறினால் நேர்வது என்ன? இம்மூன்றையும் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுங்கள்.